மருமகன் வைத்த வத்தாளைப் பாத்தி

புதிதாக வேலைக்குச் சேர்ந்து வீட்டுத் தோட்டம் பார்க்கப் போகிற நீங்கள், வாசற் படலையைத் திறந்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கைபேசியை எடுத்து இலையைப் படம் பிடிக்கிறீர்கள். இலையில் ஒரு புள்ளி இருந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது, சொல்வதற்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று. புள்ளி இல்லாவிட்டால் ஒரு பிடி மண்ணை அள்ளி, விஷயம் தெரிந்தவர் மாதிரி விரலால் உருட்டுகிறீர்கள். எங்கள் தெருவிலும் வந்து செய்கிறீர்கள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

நான் விவசாயப் போதனாசிரியையாகச் சேர்ந்தபோது கைபேசி இல்லை. இருந்திருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன், அதனால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்போது எனக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் பயிர்ப் பக்கம் திரும்பவே மாட்டார். ஒரு கதிரை கேட்பார். உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். வீட்டுச் சனம் இவர் இருப்பதை மறந்து தங்கள் பாட்டில் வேலை பார்க்கத் தொடங்கும்வரை அசைய மாட்டார். மனிசனுக்கு முழங்கால் வருத்தம் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். அவர் எதற்காக உட்கார்ந்தார் என்பது எனக்கு விளங்கியது ஒரு வத்தாளைப் பாத்தியில்தான். நீங்கள் பார்க்கும் இந்திய வீடியோக்களில் சர்க்கரைவள்ளி என்கிறார்களே, அந்தக் கிழங்குதான் வத்தாளை.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாம் எல்லோரும் வரிசையில் நின்ற காலம் அது. உரம் இல்லை, அரிசி விலை கேட்கப் பயம். முற்றத்தில் கை அகலத்துக்கு மணல் இருந்தவர்கள்கூட எதையாவது நட்டார்கள். கடலோர மணலுக்கு வத்தாளை நன்றாக வரும், அதிகம் கேட்காத பயிர், கொடியைக் கிள்ளி நட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நம் வேலையைப் பார்ப்பதுதான் எங்கள் சனத்துக்கு ஏலாத காரியம்.

மருதமுனையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு. சுபைதா ராத்தாவின் வீடு என்று தெருவுக்கே தெரியும். சட்டப்படி அது மகள் றிஸ்னாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார், தாய் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வார். றிஸ்னாவின் மாப்பிள்ளை நௌஷாத் கண்டிப் பக்கத்துப் பிள்ளை. கட்டாரில் றிஸ்னாவின் மச்சான் ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர், சம்பந்தம் அப்படி வந்தது. கலியாணம் முடிந்து இங்கேயே தங்கி ஓட்டோ ஓடினார். பெற்றோல் இல்லாமல் போனதும் ஓட்டோ முற்றத்தில் நின்றது, அவரும் முற்றத்தில் நின்றார். அந்தச் சமயத்தில்தான் பெரியநீலாவணையில் தெரிந்த ஒருவரிடம் கொடி வாங்கி வந்து ஜன்னலுக்கு நேரே வத்தாளை வைத்தார்.

சுபைதா ராத்தாவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தெருக் கோடியில் மீன்காரர் கூவினால் வீட்டுக்குள் இருந்தபடியே விலை பேசி முடிக்கிற குரல். என்னைக் கண்டால் மூன்று வீட்டுப் புதினம் சொல்லிவிட்டுத்தான் ஸலாம் சொல்வார். ஆனால் மருமகன் படலையைத் திறந்தால் முக்காடு முகம்வரை இழுபடும், ஆள் கதவுச் சீலைக்குப் பின்னால் போய்விடுவார், மூச்சுச் சத்தமும் கேட்காது. மருமகனுக்கு நேரே நின்று மாமி கதைப்பதில்லை என்பது பழைய வீடுகளில் இன்னும் இருக்கிற மரியாதை. மற்ற வீடுகளில் நடுவில் மாமனார் இருப்பார், கதை அவர் வழியாகப் போய் வரும். ராத்தாவின் கணவர் மௌத்தாகி வெகு காலம். ஆகவே அந்த வீட்டில் மாமியின் கதை மருமகனுக்குப் போக வழியே இல்லாமல் இருந்தது.

இனிப் பாத்திக்கு வருவோம். றிஸ்னா சொல்லி அனுப்பித்தான் நான் போனேன். போய்ப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. கொடி பாத்தியைத் தாண்டி மதிலில் ஏறி, ஓட்டோவின் முன் சில்லையும் சுற்றியிருந்தது. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது. நீங்களாக இருந்தால் படம் எடுத்து ‘வெற்றிக் கதை’ என்று மேலிடத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். நான் குந்தி இருந்து அடித் தூரைப் பார்த்தேன். கிழங்கு பருக்கிற காலத்தில் தூரடியில் மண் வெடித்திருக்க வேண்டும். அங்கே வெடிப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரு பக்கமாக விரலை விட்டுத் துழாவினேன். நூல் நூலாக வேர் வந்தது.

தலையை நிமிர்த்தினால் நௌஷாத் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“எப்படி மிஸ்?”

“கொடி நல்லா வந்திரிக்கு தம்பி,” என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் கடைக்குப் போனதும் றிஸ்னா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஏழு மாத வயிறு, முகத்தில் இரத்தம் இல்லை.

“மிஸ், கிழங்கு இரிக்கா?”

“ஏன் புள்ள இந்த அவசரம்?”

“கொழும்பு ஏஜென்சிக்காரர் வெள்ளிக்கிழமை பதில் கேட்டிரிக்காரு. திரும்பக் கட்டாருக்கு. இவர் சொல்றார், ஜும்ஆ முடிஞ்சு வந்து கிழங்கு கிண்டுவன், கிழங்கு இரிந்தா இரிப்பன், இல்லாட்டிப் போவன் எண்டு. என்ன சொன்னாலும் அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றார். புள்ள பொறக்கக்குள்ள இவர் இங்க இரிக்க மாட்டாரு மிஸ்.”

அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு மனிசன் வீட்டில் இருப்பதா கடல் கடப்பதா என்ற முடிவை வத்தாளைக் கிழங்கின் கையில் கொடுத்திருந்தார். எனக்கு அந்தக் கிழங்கின் நிலைமை தெரியும்.

சுபைதா ராத்தா அடுப்படியில் இருந்து எழும்பி வந்தார். கிழங்கு இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, எப்படி என்று அப்போது நான் கேட்கவில்லை.

“மிஸ், நான் ஒரு ஏற்பாடு செஞ்சிரிக்கன். சொறிக்கல்முனையில தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு சாக்கு வத்தாளை சொல்லி வெச்சிரிக்கன். வெள்ளிக்கிழமை மருமகன் ஜும்ஆவுக்குப் போன கையோட பாத்திக்குள்ள பொதைச்சிருவம். நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க.”

“பொதைக்கலாம் ராத்தா. அவர் கொடியப் பிடிச்சு இழுத்தா கிழங்கு கூட வர வேணுமே. அதுக்கு என்ன செய்வீங்க?”

அவர் யோசித்தார். அல்லாஹ்வே, உண்மையாகவே யோசித்தார்.

“நூலால கட்டினா?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படியான நிலைமை உங்களுக்கும் வரும், வத்தாளையாக இல்லாவிட்டால் கத்தரியாக வரும். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை பின்னேரமே ஏஜென்சிக்கு ஓம், வாறன் என்று சொல்லிவிடுவார். நூல் கட்டிய கிழங்குக்கு நான் தலையாட்டினால் அவர் நிற்பார். நின்று, எனக்கு வத்தாளை கைவந்துவிட்டது என்று பின்வளவு முழுக்க வைப்பார். அந்தப் போகத்துக்கு ராத்தா எத்தனை சாக்கு வாங்குவார்? நூல்கண்டு எத்தனை? அதிகாரி என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் சொல்வதை நம்பி ஒரு குடும்பம் அடுத்த வருடத்தைப் போடப் போகிறது. இரண்டு பதிலும் தப்பு என்று தெரிந்தால் மூன்றாவது கேள்வி ஒன்றைத் தேடுங்கள். எனக்கு அந்த நேரம் கிடைத்தது சின்னக் கேள்விதான்: இந்த மண் ஏன் ஈரமாக இருக்கிறது?

கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலம். பக்கத்து வீட்டு முருங்கை இலை கொட்டி நின்றது. இந்தப் பாத்தியில் மட்டும் விரல் வைத்த இடமெல்லாம் சதசதவென்று இருந்தது. நௌஷாத்திடம் முன்பே கேட்டிருந்தேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றுகிறேன் என்றார். றிஸ்னாவிடம் கேட்டேன்.

“நான் கிட்டயும் போறல்ல மிஸ். அவர்ர பயிர்.”

ராத்தாவிடம் கேட்டேன்.

“எனக்கு என்னத்துக்கு மிஸ்? மருமகன்ர வேலையில நான் கை வெப்பனா?”

மூன்று பேரும் நல்ல சனம். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறார்கள் என்று அந்த ஈர மண் சொல்லியது. அப்போதுதான் முழங்கால் வருத்தக்காரப் பெரியவர் நினைவுக்கு வந்தார். நான் ஒரு கதிரை கேட்டேன்.

கதிரையை முன்னறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். தம்பியோடு கொஞ்சம் கதைக்க இருக்கிறது, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். கடைக்குப் போய், அப்படியே அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கும் போன நௌஷாத் திரும்பி வந்ததும் எனக்கு எதிரே உட்கார வைத்தேன். ஜன்னல் சீலையை ஒரு விரல் அளவு விலக்கினேன்.

“என்ன மிஸ் பாக்கிற?”

“சத்தம் போடாம இரிங்க தம்பி. உங்கட பாத்திக்கு வாற களவாளியப் பிடிப்பம்.”

எலியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

முதலில் வந்தது சுபைதா ராத்தா. குசினிப் பக்கக் கதவால் தலையை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். கையில் ஒரு பேசின். அஸர் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழு எடுத்த தண்ணீரை வீணாக்காமல் பேசினில் பிடித்திருந்தார். பாத்தியில் குனிந்து ஒவ்வொரு தூரிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு முந்தானைக்குள் இருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். ஆட்டுப் புழுக்கை. அதைப் பேரீச்சம்பழம் பங்கிடுவது மாதிரித் தூருக்கு இரண்டு மூன்றாக வைத்து, மண்ணைத் தட்டி மூடிவிட்டு, உதடு அசைய ஏதோ ஓதி ஊதினார். போய்விட்டார்.

ஐந்து நேரத் தொழுகையையும் நேரம் தவறாமல் தொழுகிற மனிசி. அந்த வத்தாளைக்கு ஐந்து நேரமும் தண்ணீர். ராத்தா கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் கிழங்கு விழுந்திருக்கும் என்று நான் நினைத்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு றிஸ்னா வந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் அரிசி கழுவிய தண்ணீர்ச் சட்டி. அவளும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். தாய் இப்போதுதான் ஊற்றிவிட்டுப் போன அதே தூர்களில் ஊற்றினாள். ஓட்டோவின் சில்லில் சுற்றிய கொடியை நோகாமல் எடுத்து விட்டாள். ஒரு இலையைத் தடவிவிட்டுப் போனாள்.

நௌஷாத் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“நீங்க உண்மையா எத்தன தரம் ஊத்துற தம்பி?”

“காலையில ஒருக்கா. பொழுதுபட ஒருக்கா.” சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. “மாமிக்குத் தெரிஞ்சா, வேல இல்லாதவன் தண்ணியையும் வீணாக்கிறான் எண்டு நினைப்பா எண்டு சும்மா சொன்ன.”

எங்கள் வேலையில் இதுதான் கஷ்டமான பகுதி. நைதரசன் கூடினால் கொடி ஓடும், ஈரம் கூடினால் கிழங்கு இறங்காது என்ற பாடம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். உங்களுக்கு இன்னும் கெதியாக வந்து நிற்கும், புதிதாகப் படித்தவர்கள். விழுங்கிவிடுங்கள். எதிரே இருப்பவர் ஏதோ சொல்லப் போகிறார்.

“மிஸ், நான் வந்து ஒண்டரை வருசம். மாமி என்னோட ஒரு சொல் கதைச்சதில்ல. நான் உள்ள வந்தா எழும்பிப் போயிருவா. எங்கட ஊர்ல மாமிமார் மருமகனுக்கு ஏசக்கூடச் செய்வாங்க. இங்க வெளியில அவவோட சத்தம் கேக்கும், நான் வந்தா நிண்டுரும். ஓட்டோவும் நிண்டதுக்குப் பொறகு நான் நினைச்சன், நான் இந்த வீட்டுக்குப் பாரம் எண்டு. வெளிநாட்டில இரிந்து அனுப்பினாத்தான் மரியாதையா இரிக்கும் எண்டு.”

ஒரு பக்கம் மரியாதையால் வாய் திறக்காத ஒரு மாமி, இன்னொரு பக்கம் அதைக் கசப்பு என்று எடுத்துக்கொண்ட ஒரு மருமகன், நடுவில் மூச்சு முட்டச் செழித்து நிற்கிற ஒரு கொடி. கண்டிப் பிள்ளைக்கு எங்கள் வழக்கத்தை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் என்றே இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

“தம்பி, வெள்ளிக்கிழமை கிழங்கு வராது,” என்றேன். “மூணு பேரும் போட்டி போட்டு ஊத்தினா கொடிதான் வரும். மாமி உங்களோட கதைக்காதது மரியாதைக்கு. அவவுக்கு உங்களில எவ்வளவு பிரியம் எண்டு இப்ப பேசின் கணக்கில பாத்தீங்க. போறதும் நிக்கிறதும் உங்கட விருப்பம், அதுல நான் வாய் வெக்கமாட்டன். ஆனா கிழங்கிட்டக் கேட்டு முடிவெடுக்காதீங்க. அந்தப் பாவத்துக்கு ஒண்டும் தெரியாது.”

நான் எழும்பி வந்துவிட்டேன். வரும்போது ராத்தாவிடம், சாக்குக் கிழங்கு வரட்டும், குசினியில் வையுங்கள், பாத்திக்குள் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். நூல்கண்டையும் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். வீட்டில் இருந்திருந்தாலும் சோறு இறங்கியிருக்காது. ஜும்ஆ முடிந்து நௌஷாத் வந்தார், சேர்ட்டைக் கழற்றி ஓட்டோவில் போட்டார், மண்வெட்டியை எடுத்தார். அவர் முடிவு என்ன என்று றிஸ்னாவுக்கும் தெரியாது. அவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். குசினிப் பக்கக் கதவின் சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ராத்தா வந்து நின்றிருந்தார்.

ஒரு தூரைக் கிண்டினார். வேர். இன்னொன்று. வேர். கொடியைச் சுருட்டிச் சுருட்டி மதிலோரம் போட்டார், அது ஆட்டுக்குட்டி உயரத்துக்குக் குவிந்தது. கடைசித் தூரில் ஏதோ தட்டுப்பட்டது. கையால் தோண்டி எடுத்தார். சிவப்பாக, என் பெருவிரல் பருமனில் ஒரு வத்தாளை.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. றிஸ்னா திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஏஜென்சிக்காரர்தான். நௌஷாத் கை நீட்டவில்லை. அந்தப் பெருவிரல் கிழங்கை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார், நேரே குசினிப் பக்கக் கதவுக்குப் போனார். சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கிழங்கை நீட்டினார்.

“மாமி, இது நீங்க வுழு எடுத்த தண்ணிக்கு வந்தது.”

கைபேசி அடித்து ஓய்ந்தது. பாதங்கள் இரண்டும் போகப் பார்த்தன, பிறகு நின்றுவிட்டன. சீலை ஓரத்தால் ஒரு கை வந்து கிழங்கை வாங்கிக்கொண்டது. அந்தத் தெருவுக்கே கேட்கிற குரல், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

“மருமகன், இனி நான் தண்ணி ஊத்த மாட்டன்.”

“ஊத்துங்க மாமி,” என்றார் நௌஷாத். “கொஞ்சம் கொறச்சு ஊத்துங்க.”

பிறகு திரும்பி, “றிஸ்னா, அந்தாளுக்கு எடுத்துச் சொல்லுங்க, நான் வரல்ல எண்டு. இந்தக் கொடி காயுறதுக்குள்ள கிள்ளி நடணும்,” என்றார். றிஸ்னா அப்போதுதான் அழுதாள்.

சொறிக்கல்முனைக் கிழங்கு அன்றைக்குக் குசினியில் அவிந்தது. மாசிச் சம்பலோடு எல்லோரும் தின்றோம். மிஞ்சிய கொடியைத் தெருவில் உள்ளவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், என் வீட்டு வத்தாளையும் அந்தக் கொடிதான். அடுத்த போகத்தில் தூரடி வெடித்தது, கிழங்கும் விழுந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போதும்.

அந்த வீட்டுக்கு இப்போதும் போய் வருகிறேன். மகள் பிறந்து ஓடித் திரிகிறாள். சீலைக்குப் பின்னால் நிற்பதை ராத்தா விட்டுவிட்டார், முக்காடு மட்டும் இருக்கிறது. ஒண்டரை வருசமாகச் சேர்த்து வைத்திருந்த கதை எல்லாவற்றையும் அன்றிலிருந்து சொல்லத் தொடங்கியவர் இன்னும் முடிக்கவில்லை. போன கிழமை நௌஷாத் என்னைப் படலையடிக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மிஸ், அதையும் கொஞ்சம் கொறச்சு ஊத்தச் சொல்ல ஏலாதா?”